எல்லைக்கும் ஒரு தேதி உண்டு: பாப்பாரப்பட்டி முதல் சி.ஆர்.எம். வரை

சுப்பிரமணிய சிவா காலமானது எந்த மாவட்டத்தில்?

பொது அறிவுத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால் பெரும்பாலானோர் "தர்மபுரி மாவட்டம், பாப்பாரப்பட்டி" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஊர் சரி. மாவட்டம்? சிவா மறைந்தது 1925 ஜூலை 23. தர்மபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2. அதாவது அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து! அன்று பாப்பாரப்பட்டி இருந்தது சேலம் மாவட்டத்தில்.

அவர் பிறந்த ஊருக்கும் இதே கதைதான். 1884 அக்டோபர் 4 அன்று வத்தலக்குண்டில் பிறந்தார். இன்று அது திண்டுக்கல் மாவட்டம். ஆனால் திண்டுக்கல் மாவட்டம் உருவானது 1985 செப்டம்பர் 15-ல். அவர் பிறந்தபோது வத்தலக்குண்டு மதுரை மாவட்டம். ஆக, இன்றைய குறிப்புகளில் சிவாவின் பெயரோடு வரும் இரண்டு மாவட்டங்களும் அவர் வாழ்ந்த காலத்தில் இல்லவே இல்லை.

இது வெறும் பொடிவிஷயம் போலத் தெரியும். ஆனால் "இந்த இடம் யாருடையது?" என்ற கேள்வியோடு "எந்தத் தேதியில்?" என்பதையும் சேர்த்துக் கேட்காவிட்டால் என்னவெல்லாம் தப்பாகும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது. அரசாங்கங்கள் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகின்றன. விற்பனைப் பகுதிகளைக் கையாளும் சி.ஆர்.எம். மென்பொருள்கள் அதே பாடத்தைப் பின்னால் வந்து படித்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஓர் ஊர், பல எஜமானர்கள்

தர்மபுரிக்கு வடமேற்கே இருக்கும் சிறு பேரூர் பாப்பாரப்பட்டி. கடைசிக் காலத்தில் சிவா இங்கே தங்கி, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். அவர் கண் மூடும் வரை கோயில் எழும்பவில்லை. இன்று ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

ஊர் நகரவில்லை. ஊரைச் சுற்றிய கோடுகள்தான் நகர்ந்துகொண்டே இருந்தன. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792 மார்ச்சில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்தை ஏற்றார். அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் பிற்காலத்தில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருப்பெற்றது. பிறகு சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2 முதல் தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அது தமிழகத்தின் 30-வது மாவட்டம். பாப்பாரப்பட்டி பழைய தர்மபுரியிலேயே நின்றுவிட்டது.

ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளிக்கு இன்னும் ஒரு மாற்றம் கூடுதல். 1878-ல் ராஜாஜி அங்கே பிறந்தபோது அது சேலம் மாவட்டம். 1965 முதல் தர்மபுரி. 2004 முதல் கிருஷ்ணகிரி. ஒரே கிராமம், மூன்று முகவரி. யாரும் வீடு மாறவில்லை!

"சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு" - எந்தச் சேலம்?

ராஜாஜி பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமராக வந்ததும் அவர் மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தார். மாகாணம் முழுக்க ஒரே நாளில் அல்ல. 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மட்டும். அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்கள். அதற்கடுத்த ஆண்டு வட ஆற்காடு. மாகாணம் முழுவதும் வந்தது 1948 அக்டோபர் 2-ல்தான்.

ஒரு சட்டம், ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அமல் தேதி. மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் குடித்தால் குற்றம், அந்தப் பக்கம் குற்றமில்லை. எல்லைக் கோடும் காலண்டரும் சேர்ந்துதான் குற்றவாளி யார் என்று தீர்மானித்தன.

இதைப் படிக்கும் இன்றைய மாணவர் சேலம் மாவட்டம் என்றதும் இன்றைய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்வார். அதில் பாப்பாரப்பட்டி இருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எதுவும் இருக்காது. 1997 ஜனவரி 1-ல் பிரிந்த நாமக்கல்லும் இருக்காது. மதுவிலக்கு முதலில் அமலான மண்ணில் பாதிக்கு மேல் அவர் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

வணிகவியல் மாணவர்களுக்கு இதில் ஓர் உபரிச் செய்தி. கள், சாராய வருமானம் போனதால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1939-ன் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும் வரை நாடு முழுக்கக் கடைக்காரர்கள் கணக்கு வைத்த விற்பனை வரிக்கு முன்னோடிகளில் ஒன்று.

மக்கள் எங்கே போனார்கள்?

2001 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்ட மக்கள் தொகை சுமார் 28.56 லட்சம். 2011-ல் சுமார் 15.07 லட்சம். பத்தே வருடத்தில் பாதிப் பேரைக் காணோம்! பஞ்சமா, கொள்ளை நோயா?

ஒன்றுமில்லை. நடுவில் 2004 வந்தது. 2011-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சுமார் 18.80 லட்சம் பேர். இரண்டையும் கூட்டினால் 33.87 லட்சம். பழைய எல்லைக்குள் வைத்துப் பார்த்தால் மக்கள் தொகை 18.6 சதவீதம் கூடியிருக்கிறது. "தர்மபுரி" என்ற பெயர் மாறவில்லை, பெயருக்குப் பின்னால் இருந்த நிலம் மாறிவிட்டது. பெயரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் வளர்ச்சி வீழ்ச்சியாகத் தெரியும்.

கணக்கெடுப்புத் துறைக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் முன்னால் ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு மாவட்டம், தாலுகா, கிராம எல்லைகளைத் தொடக்கூடாது என்று மாநிலங்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். எல்லையை உறைய வைப்பது என்று இதற்குப் பெயர். 2027 கணக்கெடுப்புக்காகக் குறிக்கப்பட்ட தேதி 2025 டிசம்பர் 31.

முடிவெடுத்த நாள் வேறு, அமலான நாள் வேறு

மாநில எல்லைகளில் இது இன்னும் சுவாரசியம். மாநிலச் சீரமைப்புச் சட்டம் நிறைவேறியது 1956 ஆகஸ்டில். அமலுக்கு வந்தது நவம்பர் 1-ல். இடையில் இரண்டு மாதம் கன்னியாகுமரி சட்டப்படி திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. எங்கே போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் இன்னும் போகவில்லை. இத்தகைய சட்டங்களில் "குறிக்கப்பட்ட நாள்" என்று ஒரு சொல் வரும். கோப்புகள், கடன்கள், வழக்குகள், ஊழியர்கள் எல்லாம் அந்த நாளை வைத்தே பிரிக்கப்படும்.

திருத்தணியைப் பாருங்கள். 1953 செப்டம்பர் 30 வரை சென்னை மாநிலம். அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலம். 1956 நவம்பர் 1 முதல் ஆந்திரப் பிரதேசம். ம.பொ.சி. முதலானோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1959-ல் எல்லை மாற்றச் சட்டம். 1960 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் சென்னை மாநிலம். பதிலுக்கு செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. போன ஊர் திரும்பி வந்திருக்கிறது! "இப்போது எங்கே, முன்பு எங்கே" என்று இரண்டு கட்டம் போட்ட படிவத்தில் திருத்தணியின் கதையை எழுத முடியாது.

1960-ல் ஏப்ரல் 1-ஐத் தேர்ந்தெடுத்ததும் கவனிக்க வேண்டியது. அது நிதியாண்டின் முதல் நாள். பழைய கணக்கு மார்ச் 31-ல் மூடும், புதுக் கணக்கு புது மாநிலத்தில் திறக்கும்.

தமிழ்நாடு நாள் குறித்த விவாதமும் இதே வகைதான். 2019-ல் அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. அது 1956-ல் எல்லை அமலான நாள். 2021-ல் அடுத்த அரசு அதை ஜூலை 18 என்று மாற்றி அறிவித்தது. அது 1967-ல் சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய நாள். பெயர் உண்மையில் அமலான நாள் 1969 ஜனவரி 14. எல்லைக்கு ஒரு தேதி, முடிவுக்கு ஒரு தேதி, பெயருக்கு ஒரு தேதி. மூன்றுமே சரியான தேதிகள். எதைக் கொண்டாடுவது என்பதுதான் சண்டை.

ஒரே நேரத்தில் இரண்டு வரைபடங்கள்

இதிலெல்லாம் விசித்திரமானது இளையான்குடி. சிவகங்கை மாவட்டத்தில் இருந்த சட்டமன்றத் தொகுதி. தொகுதி மறுசீரமைப்பு 2008 பிப்ரவரி 19-ல் அமலானது. புதிய வரைபடத்தில் இளையான்குடித் தொகுதி இல்லை. அந்த ஊர் மானாமதுரைத் தொகுதிக்குள் போய்விட்டது. 2009 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் புதிய வரைபடப்படி நடந்தது.

ஆனால் 2009 ஆகஸ்டில் இளையான்குடிக்கு இடைத்தேர்தல் நடந்தது! ஒழிக்கப்பட்ட தொகுதிக்கு எப்படித் தேர்தல்? காரணம், 2006-ல் பழைய எல்லைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் அப்போது உயிரோடு இருந்தது. அந்தச் சபை கலையும் வரை அதன் இடங்கள் பழைய எல்லைப்படிதான். எனவே ஒரே வாக்காளர் மே மாதம் புதிய வரைபடத்திலும் ஆகஸ்டில் பழைய வரைபடத்திலும் ஓட்டுப் போட்டார். 2011 சட்டமன்றத் தேர்தலோடுதான் பழைய வரைபடம் முழுதாக விடைபெற்றது. இளையான்குடிக்கு அடுத்த ஆண்டு, 2010 மார்ச்சில், தர்மபுரி மாவட்டத்தின் பென்னாகரத்தில் நடந்த இடைத்தேர்தலும் அதே 2006 சபைக்குத்தான்.

பாடம் இதுதான். அமல் தேதி என்பது எல்லாவற்றுக்கும் ஒரே தேதியாக இருக்க வேண்டியதில்லை. எந்த வேலைக்கு எந்த வரைபடம் என்பதையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

இனி விற்பனைப் பகுதிக்கு

சிவா பிறந்த அதே 1884-ல் அமெரிக்காவில் ஜான் ஹென்றி பேட்டர்சன் என்பவர் கல்லாப் பெட்டி இயந்திரம் செய்யும் தொழிலை வாங்கினார். நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் என்பது கம்பெனி பெயர். ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனிப் பகுதி, அந்தப் பகுதியில் யார் விற்றாலும் கமிஷன் அவருக்கே, தலைக்கு ஓர் இலக்கு என்ற முறையைப் பரவலாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். நம்மூர் மருந்துக் கம்பெனி ரெப் "இது என் ஏரியா" என்று சொல்வதன் பூர்வீகம் அங்கேதான்.

ஏரியா என்று வந்துவிட்டால் எல்லை வரும். எல்லை என்று வந்துவிட்டால் அது மாறும். ஒருவர் வேலையை விடுவார், ஒரு நகரம் வளரும், கம்பெனி இரண்டு ஏரியாவை மூன்றாக்கும். கணினி வந்தபின் 1993-ல் தொடங்கிய சீபெல், 1999-ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், 2005-ல் சென்னையிலிருந்து வந்த ஜோஹோ சி.ஆர்.எம். என்று பல மென்பொருள்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டன. எல்லா இடத்திலும் தொல்லை கொடுத்தது ஒரே கேள்வி: ஏரியா மாறினால் பழைய விற்பனையை யார் பெயரில் காட்டுவது?

டேட்டா வேர்ஹவுஸ் துறையில் ரால்ஃப் கிம்பால் இதற்கு மூன்று வழிகளை வகைப்படுத்தினார்.

முதல் வழி: பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுது. சுலபம், ஆனால் வரலாறு காலி.

இரண்டாம் வழி: பழைய வரியை அப்படியே விட்டு, முடிவுத் தேதி போட்டு மூடு. புதிய வரி ஒன்றைத் தொடக்கத் தேதியோடு சேர்.

மூன்றாம் வழி: "தற்போதைய பகுதி", "முந்தைய பகுதி" என்று இரண்டு கட்டம் வை. திருத்தணி மாதிரி மூன்று தடவை மாறினால் இது திணறும்.

முதல் வழியால் என்ன கெடும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கம்பெனி மாவட்டத்தை வைத்து ஏரியா பிரிக்கிறது. தர்மபுரி ரெப்புக்கு 2003-04 இலக்கு 36,60,000 ரூபாய். அது லீப் வருடக் கணக்கு, 366 நாள். நாளுக்கு 10,000 ரூபாய். இதில் பின்னால் தர்மபுரியாக நிற்கும் பகுதியில் 4,000, கிருஷ்ணகிரியாகப் போகும் பகுதியில் 6,000. பிப்ரவரி 9-ல் மாவட்டம் பிரிகிறது, கிருஷ்ணகிரிக்குப் புது ரெப் வருகிறார்.

சரியான கணக்கு: ஏப்ரல் 1 முதல் பிப்ரவரி 8 வரை 314 நாள், நாளுக்கு 10,000 வீதம் 31,40,000. பிப்ரவரி 9 முதல் மார்ச் 31 வரை 52 நாள், நாளுக்கு 4,000 வீதம் 2,08,000. மொத்தம் 33,48,000. திருத்திய இலக்கும் இதுதான், அவர் விற்றதும் இதுதான். நூற்றுக்கு நூறு.

அழித்து எழுதும் மென்பொருளில்? கிருஷ்ணகிரி வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஆதியிலிருந்தே புது ரெப்புக்குச் சொந்தமானவர்கள் போல் ஆகிவிடுவார்கள். பழைய ரெப் பெயரில் 366 நாளுக்கு 4,000 வீதம் 14,64,000 மட்டும் தெரியும். பழைய இலக்கில் அது 40 சதவீதம். பத்து மாதம் வெயிலில் அலைந்தவருக்கு இன்சென்டிவ் போச்சு. 52 நாள் வேலை செய்தவர் ஹீரோ. தர்மபுரியின் மக்கள் தொகை பாதியான அதே மாயம்தான் இங்கேயும். வித்தியாசம், இங்கே ஒருவரின் சம்பளம் போகிறது.

நள்ளிரவு யாருக்குச் சொந்தம்?

இரண்டாம் வழியிலும் பொறிகள் உண்டு. பழைய வரி பிப்ரவரி 8-ல் முடிந்து புதியது 10-ல் தொடங்கினால் 9-ஆம் தேதி ஆர்டர் அநாதை. பழையது 9 வரை, புதியதும் 9 முதல் என்று இரண்டு பக்கமும் அந்த நாளைச் சேர்த்துக்கொண்டால் ஒரே ஆர்டருக்கு இரண்டு கமிஷன்.

சட்டம் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. 1897-ன் பொது விதிகள் சட்டம், 5-வது பிரிவு: ஒரு மத்தியச் சட்டம் அமலாகும் நாளுக்கு முந்தைய நாள் முடிந்த உடனே அது செயல்படத் தொடங்கும். இடைவெளியும் இல்லை, மேல்படிவும் இல்லை. அதே சட்டத்தின் 6-வது பிரிவு, ஒரு சட்டம் ரத்தானாலும் அதன்கீழ் ஏற்கெனவே கிடைத்த உரிமைகள் சாகாது என்கிறது. பழைய ரெப்பின் கமிஷனுக்கு இதைவிட நல்ல வக்கீல் வேண்டாம்.

கணினி உலகம் இதே இடத்துக்கு வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. எஸ்.கியூ.எல். மொழியின் 2011 தரநிலையில் காலப் பகுதிகள் சேர்ந்தன. தொடக்க நாள் உள்ளே, முடிவு நாள் வெளியே என்பது அதன் விதி. பழையது "பிப்ரவரி 9-க்கு முன்வரை", புதியது "பிப்ரவரி 9 முதல்". ஒட்டுப்போட்ட இடமே தெரியாது.

ரிச்சர்ட் ஸ்னாட்கிராஸ் போன்ற ஆய்வாளர்கள் இன்னொரு வேறுபாட்டையும் வலியுறுத்தினார்கள். ஒரு விஷயம் உலகத்தில் உண்மையாக இருந்த காலம் ஒன்று. அது கணினியில் பதிவான காலம் வேறொன்று. பிப்ரவரி 5-ல் எடுத்த ஆர்டரை 12-ல் பதிவு செய்தாலும் அது பழைய ரெப்பின் ஆர்டர்தான். ஒரே ஒரு தேதிக் கட்டம் வைத்த மென்பொருளுக்கு இது புரியாது.

திட்டமிடும் வசதியும் பின்னால் வந்தது. சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு பகுதி வரைபடம் "திட்டத்தில்", "செயலில்", "காப்பகத்தில்" என்ற நிலைகளைக் கடக்கும். செயலில் இருப்பது ஒரு நேரத்தில் ஒன்றுதான். 1956 ஆகஸ்டில் நிறைவேறி நவம்பருக்காகக் காத்திருந்த சட்டம் "திட்டத்தில்" இருந்த வரைபடம். ஆனால் இளையான்குடி மாதிரி இரண்டு வரைபடம் ஒருசேர உயிரோடு இருக்கும் நிலைமைக்கு இந்த ஏற்பாடு போதாது. அங்கே தேதியோடு "எந்தத் தேர்தலுக்கு" என்ற கட்டமும் வேண்டும். கம்பெனியிலும் அப்படித்தான்: புது ஆர்டர் புது ரெப்புக்கு, ஏற்கெனவே பேசி முடியும் நிலையில் உள்ள ஆர்டர் பழைய ரெப்புக்கு என்று இடைக்கால விதி எழுதுபவர்கள் சண்டையில்லாமல் தப்பிக்கிறார்கள்.

முடிவாக

அரசிதழில் வரும் "இந்த நாள் முதல்" என்ற சொற்களும், மென்பொருளில் இருக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதிக் கட்டங்களும் ஒரே வேலையைச் செய்கின்றன. நேற்று செய்தவனின் கணக்கை இன்றைய வரைபடம் தின்றுவிடாமல் காக்கின்றன. அந்தக் கட்டங்களை நிரப்ப ஒரு நிமிடம் ஆகும். நிரப்பாமல் விட்டதைப் பின்னால் தோண்டி எடுக்க வருடங்கள் ஆகும், சில சமயம் முடியாமலும் போகும்.

ஆகவே அந்தத் தேர்வுக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும் விடை இப்படி இருக்கும்: "பாப்பாரப்பட்டி, அன்று சேலம் மாவட்டம், 1965 முதல் தர்மபுரி மாவட்டம்." ஐந்தாறு சொல் கூடுதல். ஆனால் 1925-ம் தப்பவில்லை, இன்றும் தப்பவில்லை.